படுத்துவது ஒன்று, கெடுப்பது வேறொன்று: புராஸ்டேட் புற்றுநோயும் ஹார்மோன் மருந்தும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த மருந்துகளில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் தொல்லைகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆபத்தானவை சத்தமே போடுவதில்லை. உடம்பு திடீரென்று கொதிப்பது, வியர்த்துக் கொட்டுவது, அசதி, எரிச்சல் எல்லாம் நமக்கே தெரிகிறது. கல்லீரல் பாதிக்கப்படுவது, பொட்டாசியம் இறங்குவது, எலும்பு மெலிவது எதுவும் தெரிவதில்லை. ஆகவே "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மறுபடியும் ரத்தப் பரிசோதனை?" என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நோய் புராஸ்டேட்டைத் தாண்டிச் சற்று வெளியே வந்திருந்தது, எலும்புக்குப் பரவவில்லை. கதிர்வீச்சு சிகிச்சை, 3 மாதத்துக்கு ஒருமுறை லியூப்ரோலைடு ஊசி, தினமும் அபிராட்டிரோன் மாத்திரை, அதோடு 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு என்று திட்டம் போட்டார்கள். மாத்திரை 2 ஆண்டுகள், ஊசி அதைவிட இன்னும் கொஞ்ச காலம். இதற்கெல்லாம் முன்பிருந்தே இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத காரணத்தால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினும், துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோப்ரோலாலும் சாப்பிட்டு வருகிறேன். புதிய மருந்து கொடுத்த வேலையில் பெரும்பகுதி இந்தப் பழைய மருந்துகள் வழியாகத்தான் வந்தது.

ஏன் இத்தனை மருந்து என்று புரிந்தால் எதை ஏன் விடக்கூடாது என்பதும் புரியும். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பங்கு விதைகளில் சுரக்கிறது. ஊசி அதை மூளை வழியாக நிறுத்துகிறது. மீதி கொஞ்சம் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும், ஏன், புற்றுக்கட்டிக்கு உள்ளேயே இருந்தும் வருகிறது. அந்த வழியையும் அடைப்பது அபிராட்டிரோன். ஆனால் ஒரு வழியை அடைத்தால் அட்ரினலில் வேறு ஹார்மோன்கள் தேங்கிப் பெருகும். அவை உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதைத் தடுக்கத்தான் ப்ரெட்னிசோலோன். "ஸ்டீராய்டு கெடுதலாமே, அதை மட்டும் விட்டுவிட்டேன்" என்று சிகிச்சைக்கு வந்த ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவர் விட்டது காவல்காரரை. அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லச் சொல்லி அவரை உள்ளே அனுப்பினோம்.

லியூப்ரோலைடு வகை ஊசிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நிறுத்துவதற்கு முன் தூண்டிவிடும். முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் கூடும், அப்புறம்தான் விழும். அந்த இடைவெளியில் நோய் துள்ளாமல் இருக்க, டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யவிடாமல் தடுக்கும் பைகலுட்டமைடு 50 மில்லிகிராம் மாத்திரையை ஊசிக்குச் சில நாட்கள் முன்னதாகவே தொடங்கிச் சில வாரங்கள் கொடுத்தார்கள். முதுகெலும்புக்கு நோய் பரவியவர்களுக்கு இந்த இடைவெளி மிக முக்கியம். கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டெகரெலிக்ஸ் ஊசி, ரெலுகோலிக்ஸ் மாத்திரை ஆகியவற்றில் இந்த ஆரம்பத் தூண்டல் கிடையாது.

பைகலுட்டமைடு எழுதிக் கொடுத்தபோது என் மனைவி, "டாக்டர், இவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, அதோடு இது ஒத்துப்போகுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பைகலுட்டமைடு வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எனக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். சில நாட்களிலேயே 4ஐத் தாண்டியது. பல் துலக்கும்போது ரத்தம் இல்லை, தோலில் கன்றிப்போன அடையாளம் இல்லை, ஒன்றுமே இல்லை. பரிசோதனைத் தாள் மட்டும்தான் சொன்னது. வார்ஃபரினைக் குறைத்தார்கள். பிறகு பைகலுட்டமைடை நிறுத்தியபோது இன்னொரு வேலை வந்தது. அந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும்; அதன் அளவு பாதியாகவே ஒரு வாரத்துக்குக் கிட்ட ஆகும். ஆகவே நிறுத்திய பின்னும் பல வாரங்களுக்கு ஐ.என்.ஆர். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது, வார்ஃபரினை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு மருந்தைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் மற்ற மருந்துகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது யாரும் அதிகம் சொல்லாத விஷயம்.

அபிராட்டிரோனுக்கு வருவோம். இது வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. சாப்பிட்டு குறைந்தது 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். போட்ட பிறகு 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இதைப் பலர் ஏதோ சம்பிரதாயம் போல எடுத்துக்கொள்கிறார்கள். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சேரும் மருந்தின் அளவு 10 மடங்கு வரை கூடிவிடும். "கூடினால் நல்லதுதானே, நோய் சீக்கிரம் போகும்" என்று என் தம்பி கேட்டான். மருந்தின் வேலை அதற்கேற்ப 10 மடங்கு கூடாது, கல்லீரலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வரும் கெடுதல்தான் கூடும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ப்ரெட்னிசோலோன் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கச் சாப்பாட்டோடு போட வேண்டியது. இரண்டும் ஒரே சீட்டில் எழுதப்பட்டிருப்பதால் ஒரே வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும். நான் கண்டுபிடித்த வழி: விழித்தவுடன் அபிராட்டிரோன் 4 மாத்திரை, தண்ணீரோடு, உடைக்காமல் கடிக்காமல். அந்த ஒரு மணி நேரத்தில் நடைப்பயிற்சி. வந்து காலைச் சாப்பாட்டோடு ப்ரெட்னிசோலோன். நடக்கப் போகும் நேரத்தில் யாரும் எதையும் குடிக்கக் கொடுத்துவிட முடியாது என்பது கூடுதல் வசதி. என்றைக்காவது மறந்தால் மறுநாள் வழக்கமான அளவுதான், இரண்டு நாள் மாத்திரையை ஒன்றாகப் போடுவது கிடையாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால் மருத்துவமனைக்கு ஒரு போன்.

கல்லீரல் விஷயம் தொடங்கியது இரண்டாம் மாதத்தில். அபிராட்டிரோன் எடுப்பவர்களுக்கு முதல் 3 மாதம் 2 வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை, அப்புறம் மாதம் ஒருமுறை. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் கால் வீக்கமும் மாதாமாதம் பார்க்க வேண்டும். முதல் சில பரிசோதனைகள் சுத்தமாக இருந்ததால், அடுத்ததைத் தள்ளிப்போடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்போது நான் உடம்பளவில் நன்றாக இருந்தேன். பசி, தூக்கம், நடை எல்லாம் ஒழுங்கு. தள்ளிப்போடாமல் போனோம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு இயல்பான மேல் எல்லையைப் போல 5 மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஏ.எல்.டி. என்று ரிப்போர்ட்டில் வருவதும் அதுதான். அன்று மாலையே மருத்துவமனையிலிருந்து போன். "சார், நாளை காலை அபிராட்டிரோன் போட வேண்டாம். ப்ரெட்னிசோலோனை மட்டும் நாங்கள் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்."

மறுநாள் நிறைய கேள்விகள். மது உண்டா, காய்ச்சல் வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு, யாராவது கொடுத்த மூலிகைப் பொடி, லேகியம், சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, மஞ்சள் காமாலை வைரஸ் முன்பு வந்ததுண்டா. மூலிகை பற்றிக் கேட்டபோது நான் கொஞ்சம் சங்கடப்பட்டேன். நல்லெண்ணத்தில் உறவினர் கொடுத்தனுப்பிய ஒரு டப்பா பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. பிரிக்காமலே இருந்ததால், ஏறியது மாத்திரையால்தான் என்று முடிவு செய்வது அவர்களுக்கு எளிதாயிற்று. அந்த டப்பாவையும் சாப்பிட்டிருந்தால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. மூலிகை வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான், அதன் நச்சுத்தன்மை பற்றிய சண்டைக்குள் நான் போகவில்லை.

சில வாரங்களில் அளவு இறங்கி இயல்புக்கு வந்தது. குறைந்த அளவில் அபிராட்டிரோனை மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் 2 வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்குப் பிறகு ஏறவில்லை. நிறுத்தி வைத்த வாரங்களில் நோய் வளர்ந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. ஊசியின் வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் தூக்கம் வந்தது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கரும்பழுப்பாவது, வலப்பக்க மேல் வயிற்றில் வலி, காரணமில்லாத அரிப்பு, வாந்தி உணர்வு ஆகியவை வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. பைகலுட்டமைடுக்கும் இது பொருந்தும். பழைய மருந்தான ஃப்ளூட்டமைடுக்கு இன்னும் அதிகம் பொருந்தும்.

அபிராட்டிரோன் மற்ற மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் ஒரு பாதையை அடைத்துவிடுகிறது. மெட்டோப்ரோலால் அந்தப் பாதையில் போகிற மருந்து. அதனால் எனக்கு நாடித்துடிப்பு முன்பைவிட மெதுவாகி, எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றியது. மெட்டோப்ரோலால் அளவைக் குறைத்தார்கள், சரியாயிற்று. இருமல் மருந்துகளில் சாதாரணமாக இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பானும் இதே பாதைதான். ஆகவே கடையில் இருமல் மருந்து கேட்கும்போதுகூட என்னிடம் இருக்கும் மருந்துப் பட்டியலை நீட்டிவிடுவேன். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை எதிர்த்திசையில் வேலை செய்து அபிராட்டிரோனின் பலனையே குறைத்துவிடும்.

கால் வீங்கியபோது நடந்தது இன்னும் நுட்பமானது. வழக்கமாகப் பார்க்கும் வேறொரு மருத்துவர் நீர் வெளியேற ஸ்பைரோனோலாக்டோன் எழுதினார். அவர் கோணத்தில் அது நியாயமான மருந்து: நீரை வெளியேற்றும், பொட்டாசியத்தைக் காப்பாற்றும். ஆனால் அது ஆண் ஹார்மோன் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு நோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவான பிஎஸ்ஏவை ஏற்றிவிடக்கூடியது என்பதால் அபிராட்டிரோனோடு அதைத் தவிர்ப்பார்கள். புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியரிடம் காட்டிவிட்டுப் போடலாம் என்று வைத்திருந்தோம். அவர் பார்த்ததும் நிறுத்தி, வேறு மருந்துக்கு ஏற்பாடு செய்தார். புதிய சீட்டு எதுவானாலும் முதல் மாத்திரைக்கு முன் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு பார்வை என்பது அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் சொல்லும் விதிகள் என் மாத்திரைக்கானவை. காத்திருக்கும் இடத்தில் பழக்கமான ஒருவர் டாரோலுட்டமைடு என்ற வேறொரு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார். அதைத் தினமும் 2 வேளை, சாப்பாட்டோடு போட வேண்டும். என்னைப் பார்த்து அவர் வெறும் வயிற்றில் போடத் தொடங்கியிருந்தால் மருந்து சரியாக ஏறியிருக்காது. என்ஸாலுட்டமைடுக்குச் சாப்பாட்டு விதி இல்லை, ப்ரெட்னிசோலோனும் கட்டாயமில்லை. ஆனால் வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும், கீழே விழும் ஆபத்தும் கூடும், பல மருந்துகளின் வேலையைக் குறைக்கவும் செய்யும். அபலுட்டமைடு என்றால் தோல் தடிப்பையும் தைராய்டையும் கவனிப்பார்கள். எல்லாமே ஹார்மோன் மாத்திரை என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் வரும் குழப்பம் இது.

ப்ரெட்னிசோலோன் பற்றி இன்னும் ஒன்று. மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு உடம்பின் சொந்தச் சுரப்பு அடங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து வந்தால் வழக்கமான அளவு போதாமலும் போகலாம். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை. நான் சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: என்ன நோய், என்னென்ன மருந்து, எவ்வளவு காலமாக ஸ்டீராய்டு, கடைசி ஊசி எப்போது.

இனி சத்தம் போடும் தொல்லைகள். உடம்பு கொதிப்பது ஊசி போட்ட சில வாரங்களில் ஆரம்பித்தது. நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும், சில நிமிடம் வியர்த்துக் கொட்டும், அப்புறம் குளிரும். சூடான பானம், காற்றில்லாத அறை, கோபம் மூன்றும் கிளப்பிவிடும் என்று கவனித்தேன். கோபத்தைத் தவிர மற்ற இரண்டையும் தவிர்க்க முடிந்தது. தாங்க முடியாதவர்களுக்கு மருந்து உண்டு, கேட்கலாம். ஆனால் அதற்குத் தரப்படும் வென்லாஃபாக்சினும் மேலே சொன்ன அதே பாதையில் போவது. எல்லாம் தெரிந்தவர் கையால்தான் வாங்க வேண்டும். மார்பகங்களில் வலியும் வீக்கமும் பைகலுட்டமைடைத் தனியாக 150 மில்லிகிராம் எடுப்பவர்களுக்கு அதிகம்; எனக்கு அவ்வளவாக இல்லை.

அசதிக்கு ஓய்வு மருந்தல்ல. டெஸ்டோஸ்டிரோன் போனால் தசை கரையும், கொழுப்பு சேரும், ஹீமோகுளோபினும் கொஞ்சம் இறங்கும். படுக்கப் படுக்க இன்னும் அசதிதான் வரும். நடையோடு சேர்த்து எடை தூக்கும் பயிற்சியையும் உடற்பயிற்சி நிபுணரிடம் கற்றுக்கொண்டேன். சர்க்கரையும் கொலஸ்டிராலும் ஏறக்கூடியவை, அவையும் பரிசோதனைப் பட்டியலில் உண்டு.

தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தது நல்லதாயிற்று. அதில் வரும் டி ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப் புரை. எனக்கு அதுவரை போகவில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ப்ரெட்னிசோலோனும் எலும்பைக் கரைப்பது. சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம், கூடவே வைட்டமின் டி. எலும்பைக் காக்கும் ஸோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். தொடங்கிய பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர்கள் வழியில் ஒரு சின்ன விளக்கு போட்டுக்கொள்வது இந்த மருந்துகள் எல்லாவற்றையும்விட மலிவான எலும்பு வைத்தியம்.

ஆண்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆசை போய்விடும். குறைவது அல்ல, பலருக்கு அந்த நினைப்பே வராது. மருந்து தொடங்கும் முன் மருத்துவர் என் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னதால், பின்னால் அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் நடக்காதபோதே அழுகை வருவதும், பெயர்கள் மறப்பதும் இருந்தன. சோர்வு சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய பக்கவிளைவுதான். விறைப்புக்கான மாத்திரையை யாரிடமாவது கேட்டு வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயமாக விழும். இன்னொன்று, வீட்டில் கர்ப்பமான பெண் இருந்தால் உடைந்த அபிராட்டிரோன் மாத்திரையை வெறும் கையால் எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மருந்துப் பெட்டி என் பொறுப்பு, மருமகள் அந்தப் பக்கம் வருவதில்லை.

பிஎஸ்ஏ மளமளவென்று இறங்கி, கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போனது. அந்த நேரத்தில்தான் பலருக்கு ஊசியைத் தள்ளிப்போடத் தோன்றுகிறது. பிஎஸ்ஏ இறங்கியிருப்பதே மருந்து உள்ளே இருப்பதால்தான். ஊசி தாமதமானால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்கலாம். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று ரத்தத்தில் அதையும் பார்ப்பார்கள். அடுத்த ஊசித் தேதியை முந்தைய ஊசி அன்றே வாங்கிவிடுவோம்.

திட்டமிட்ட காலம் முடிந்து அபிராட்டிரோனை நிறுத்தினார்கள். ப்ரெட்னிசோலோனை மட்டும் படிப்படியாகக் குறைத்தார்கள். நிறுத்திய சந்தோஷத்தில் பரிசோதனைகளை மறந்துவிடாமல் இருக்க, அந்த மாதத்துக்கான தேதிகளை மனைவி முன்பே எழுதி வைத்திருந்தாள். ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. மருந்துக்காக ஏற்றியிருந்த ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக்கினார்கள். மருந்தைச் செரிக்கும் பாதை திறந்துவிட்டதால் மெட்டோப்ரோலால் பழைய அளவுக்குத் திரும்பியது, ஐ.என்.ஆர். மறுபடி வாராவாரம் பார்த்தார்கள். கடைசி ஊசியின் வேலை முடிந்த பிறகும் டெஸ்டோஸ்டிரோன் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், என் வயதில் முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது திரும்பும்போது பிஎஸ்ஏ லேசாக அசைவதுண்டு. ஒரு அளவை வைத்துப் பதறாமல், அடுத்தடுத்த அளவுகளின் போக்கைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.